ஏழாம் நம்பர்ப் பேணி

அவர் எதையும் ஒரே இடத்தில் வைக்கமாட்டார். வீட்டைப் பூட்டுகிற திறப்பு கோழிக்கூட்டு முகட்டில் இருக்கும். அலுமாரித் திறப்பு உப்புச் சாடிக்குப் பின்னால். மேசை லாச்சித் திறப்பு சேர்ச்சில், ஞானப்பாட்டுப் புத்தகங்கள் அடுக்கியிருக்கும் தட்டில். மகளின் பரீட்சை அனுமதி அட்டை லாச்சிக்குள் கிடக்க, சோதனை தொடங்க அரை மணித்தியாலம் இருக்க, கொட்டுகிற மழையில் அவர் சேர்ச்சுக்குச் சைக்கிள் மிதித்ததை எங்கள் வாசல் படலையில் நின்று பார்த்திருக்கிறேன். தெப்பமாக நனைந்து திரும்பி வந்தவர் என்னைக் கண்டுவிட்டு, "ஒரே இடத்திலை வைக்கப்படாது, பிள்ளை" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவருக்குப் பகிடி பிடிக்காது.

உடுவிலில் எங்கள் ஒழுங்கையில் எங்களுக்கு எதிர் வீடு அவருடையது. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் பௌதிகம் படிப்பித்தவர். ஊரில் எல்லோருக்கும் மாஸ்டர். நான் தபால் கந்தோரில் வேலை செய்வதால் அவருடைய முழுப் பெயரையும் கடித உறைகளில் எத்தனையோ தரம் வாசித்திருக்கிறேன். இங்கே அது தேவையில்லை.

குண்டு விழுந்த காலத்தில் எல்லா வளவிலும் ஒரு பங்கர் இருந்தது. அவருடைய வளவில் இரண்டு. ஒன்றில் மனைவியும் மகனும், மற்றதில் அவரும் மகளும். மாரியில் ஒரு பங்கருக்குள் முழங்காலளவு தண்ணீர் நின்றபோதும் எல்லோரும் மற்றதற்குள் போக அவர் விடவில்லை. வாயைத் திறக்காத மனுஷியான அவருடைய மனைவி ஒருநாள் கிணற்றடியில் எங்கள் அம்மாவிடம், "மற்றச் சனம் செத்தால் ஒண்டாய்ச் சாவம் எண்டு கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருக்குதுகள். இந்த மனிசன் என்னைத் தனியச் சாகவிடப்போகுது" என்று சொல்லிவிட்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டார். அந்த மனுஷி பிறகு வருத்தம் வந்து படுத்து ஆஸ்பத்திரியில்தான் செத்தார். அப்போது மாஸ்டர் பக்கத்தில் இல்லை. வீட்டுக்கு உடுப்பு எடுக்க வந்திருந்தார்.

பள்ளிக்கூடத்திலும் அதே கதைதான். வகுப்பில் பாதிப் பேரைக் கட்டடத்துக்குள் வைப்பார், பாதிப் பேரைப் பின்வளவு வேப்பமரத்துக்குக் கீழே இருத்துவார். ஒரே பாடத்தை இரண்டு தரம் நடத்துவார். பின்னேரம் தொண்டை கட்டிப் பேச்சு வராது. அவர் படிப்பித்த பிள்ளைகளில் ஒருவரும் பள்ளிக்கூடத்தில் வைத்துச் சாகவில்லை என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். விமானம் அந்தப் பள்ளிக்கூடத்தின்மேல் ஒரு நாளும் குண்டு போடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். ஆனால் அந்தத் தொண்டை உண்மையாகவே கட்டியது. பிள்ளைகளுக்காகக் கட்டியது. அதை நான் மறுக்கமாட்டேன்.

இனி அவருடைய காரைப் பற்றிச் சொல்லவேண்டும். சாவதற்கு ஆறு வருடம் முன்னர் அவருக்கு முன்னால் ஒரு கேள்வி வந்து நின்றது. மொட்டைக் காரை விற்பதா, திருத்துவதா என்பது அந்தக் கேள்வி. வேறு யாருக்கும் அது சாதாரணக் கேள்வி. அவருக்கு அப்படியல்ல. காரணம், அந்தக் காரின் ஒரு சாமானை வைத்திருந்ததற்காகத்தான் என் அப்பாவைக் கொண்டுபோனார்கள். அப்பா திரும்பி வரவில்லை.

ஒரு வெள்ளைக்கார என்ஜினியர் நாட்டைவிட்டுப் போகும்போது விற்றுவிட்டுப் போன கார் அது. மாஸ்டரின் தகப்பன் வாங்கி, பிறகு இவருக்கு வந்தது. சிவப்பு நிறம், தாழ்ந்த உடம்பு, நீண்ட மூக்கு. கூரைக்குப் பதிலாக மடக்கி வைக்கிற கன்வஸ். அதனால்தான் ஊரார் அதை மொட்டைக் கார் என்றார்கள். ஓட்டப் பந்தயத்துக்கென்று செய்த கார் எங்கள் ஒழுங்கையில் ஆடுகளுக்கு வழிவிட்டு ஊர்ந்து போகும். இருக்கை இரண்டே இரண்டு. குடும்பத்தில் நாலு பேர். ஞாயிற்றுக்கிழமையில் முதலில் மனைவியைக் கொண்டுபோய்ச் சேர்ச்சில் இறக்குவார், திரும்பி வந்து மகளை ஏற்றுவார், பிறகு மகனை. முதல் பாட்டு முடிகிற நேரம் மகனும் தகப்பனும் வந்து சேருவார்கள். பெரிய கார் ஒன்று வாங்கலாமே என்று என் அப்பா கேட்டதற்கு, எல்லோரும் ஒரே காரில் போகாமல் இருப்பதுதான் நல்லது என்றாராம். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

பெற்றோல் வராத காலம் வந்தது. மற்றவர்கள் தங்கள் கார்களுக்கு இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டிக் கிளப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடினார்கள். அவர் தன் காருக்கு மண்ணெண்ணெய் காட்டவில்லை. பிறகு வாகனம் தேவையென்று ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கேட்டும் எடுத்தார்கள், கேட்காமலும் எடுத்தார்கள். ஓடாத காரை ஒருவரும் எடுக்கமாட்டார்கள் என்று மாஸ்டர் யோசித்தார். ஒரு பள்ளிக்கூட விடுமுறை முழுவதும் கொட்டிலுக்குள் இருந்து, எது இல்லாவிட்டால் கார் ஓடாதோ அப்படி ஏழு சாமான்களைக் கழற்றினார். ஒவ்வொன்றுக்கும் கிறீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றி, பழைய சீலைத் துணியில் சுற்றி, பால்மாத் தகரப் பேணிக்குள் இறக்கினார். பெரிய சாமானென்றால் பிஸ்கற் பேணி. மூடியைச் சுற்றி மெழுகுதிரியை உருக்கி ஊற்றினார். தண்ணீரும் போகாது, காற்றும் போகாது. பிறகு, வாத்தியார் அல்லவா, காருக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்றால் மூடிகளில் ஒன்று முதல் ஏழு வரை நம்பர் போட்டார். ஏழு பேணிகளையும் ஏழு வீட்டுக்குக் கொடுத்தார். எங்கள் பக்கத்து ஒழுங்கைகளில் ஐந்து, தொண்டைமானாற்றில் அவரோடு படிப்பித்த ஒருவர் வீட்டில் ஒன்று, எங்கள் வீட்டில் ஒன்று. ஒரு வீட்டுக்கும் மற்ற வீடுகளைப் பற்றிச் சொல்லவில்லை.

எங்களுடையது ஏழாவது. அப்பா கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். எதையும் பொறுப்பெடுத்துப் பழகிய மனுஷன். கார்ச் சாமான் என்று மாஸ்டர் சொன்னது அவருக்குப் போதும். தேசிமரத்தடியில் குழி கிண்டிப் பேணியைத் தாட்டார்.

அதற்குப் பிறகு ஆமி முன்னேறி வர, குடாநாட்டின் பாதிச் சனம் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தபோது எங்கள் வீட்டில் கதவும் இல்லை, யன்னலும் இல்லை. தேசிமரம் நின்றது. அதன் கீழே பேணி கிடந்தது. அப்பா அதைத் தோண்டித் துடைத்து எதிர் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். எனக்கு ஒன்பது வயது, நானும் கூடப் போனேன். மாஸ்டர் பேணியை வாங்கி மெழுகைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் கூட இல்லை. அவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். பிறகு அதை அப்பாவின் கையிலேயே திருப்பி வைத்தார்.

"இன்னும் கொஞ்சக் காலம் வைச்சிரும். இப்ப எல்லாத்தையும் ஒரே இடத்திலை சேக்கிறது புத்தியில்லை."

அப்பா திருப்பிக் கொண்டுவந்தார். மழை பெய்து மண் சேறாகக் கிடந்ததால் திரும்பத் தாழ்க்காமல் விறகுக் கொட்டிலில் தட்டுக்குமேல் வைத்தார்.

மூன்று மாதம் கழித்து ஒரு காலையில் சுற்றிவளைப்பு நடந்தது. விறகைக் குத்திப் பார்த்த ஆமிக்காரன் பேணியைக் கண்டான். பழைய வீட்டில் பழைய பேணி கிடப்பது புதினமில்லை. ஆனால் இது மெழுகு ஊற்றி மூடிய பேணி. தூக்கினால் கனக்கிறது. மூடியில் சிவப்பில் ஏழு என்று எழுதியிருக்கிறது. அவன் கையை எடுத்துவிட்டுப் பின்னால் போனான். எல்லோரும் பின்னால் போனார்கள். தமிழ் தெரிந்த ஒருவன் வந்து அப்பாவிடம் கேள்வி கேட்டான். இது என்ன என்றான். கார்ச் சாமான் என்றார் அப்பா. இது ஏழாவது என்றால் மற்ற ஆறும் எங்கே என்றான். அப்பாவுக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. அப்படியென்றால் கார் எங்கே என்று கேட்டார்கள். அதற்கு அப்பாவுக்குப் பதில் தெரியும். அவர் சொல்லவில்லை. அடித்தும் சொல்லவில்லை.

உள்ளே குண்டு இருக்கும் என்று, பேணியைத் திறக்க அவர்களுக்குப் பயம். அப்பாவையே தூக்கச் சொன்னார்கள். அப்பா இரண்டு கையாலும் அதை ஏந்திக்கொண்டு ஒழுங்கையால் முன்னுக்கு நடந்தார். நிறைந்த பாத்திரத்தைச் சிந்தாமல் கொண்டுபோகிற மாதிரி, அடி அடியாக. ஆமிக்காரர் பத்து யார் தூரம் விட்டுப் பின்னால் போனார்கள். அம்மாவும் நானும் படலையில் நின்று பார்த்தோம். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அம்மா ஏறி இறங்கிய வாசல்களைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஊரில் அந்தக் கதை தெரியாத வீடு குறைவு.

அன்றைக்குப் பின்னேரமே மாஸ்டர் வந்தார். காலையில் மானிப்பாய்க்குப் போயிருந்ததாகச் சொன்னார். தான் இருந்திருந்தால் என்று தொடங்கினார், முடிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் எங்களுக்குச் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும். அம்மாவை முகாம் முகாமாகக் கூட்டிக்கொண்டு போனார். வெயிலில் வரிசையில் நின்றார். எனக்கு இங்கிலீஷும் கணக்கும் சும்மா படிப்பித்தார். அரசாங்கத்துக்கும் செஞ்சிலுவைக்கும் ஆணைக்குழுவுக்கும் போன அத்தனை கடிதங்களையும் அவர்தான் எழுதினார். முத்துமுத்தான இங்கிலீஷ் எழுத்து. ஒவ்வொன்றிலும் ஐந்து பிரதி எடுத்து ஐந்து இடத்தில் வைத்தார்.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது அந்தப் பிரதிகளில் ஒரு கட்டு எங்கள் அலுமாரியில் அகப்பட்டது. அவர் படிப்பித்த இங்கிலீஷைக் கொண்டே வாசித்தேன். என் அப்பாவிடம் இருந்து எடுக்கப்பட்டது 'உரிமையாளர் யாரென்று தெரியாத ஒரு பொருள்' என்று எழுதியிருந்தது. முதல் கடிதத்திலும் அப்படி, கடைசிக் கடிதத்திலும் அப்படி. பத்து வருடம், ஒரே வசனம். குசினிக்குள் போய் அம்மாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதெண்டாலும் மனிசற்றை முகம் தெரியும்" என்றார். "கடிதம் எழுதிறதுக்கு எங்களுக்கு வேறை ஆர் இருக்கினம்?"

சண்டை முடிந்தபிறகு மாஸ்டர் ஒவ்வொரு வீடாகச் சைக்கிளில் போய் மற்ற ஆறு பேணிகளையும் சேர்த்தார். ஒரு வீட்டில் ஆட்கள் மாறியிருந்தார்கள். இன்னொரு வீடே இருக்கவில்லை, அத்திவாரத்துக்குப் பக்கத்தில் கிண்டி எடுத்தார். ஆறும் பழுதில்லாமல் இருந்தன. அந்த ஆறு வீட்டுப் பையன்கள் இப்போது லண்டனிலும் கொழும்பிலும் கிளிநொச்சியிலும் இருக்கிறார்கள். ஆறு பேணிகளையும் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்திருந்ததைத் தபால் கொடுக்கப் போனபோது கண்டேன். ஏழாவதற்கு ஒரு இடம் விட்டிருந்தார். பழக்கத்தில் விட்டிருப்பார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையைப் பிரட்டியிருப்பேன். கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அப்படியிருக்கும்போதுதான் பழைய கார்களைச் சேர்க்கிற ஒருவர் கொழும்பிலிருந்து வந்தார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருக்கிறார். கொட்டிலுக்குள் காரை மூடியிருந்த தறப்பாளைத் தூக்கிப் பார்த்தவர் அப்படியே கீழே குந்தியிருந்து காரின் முகத்தைத் தடவினார். இந்த நாட்டில் இந்த மாதிரிக் கார் இன்னும் இரண்டோ மூன்றோதான் இருக்கும், இப்படியே தந்தாலும் எடுக்கிறேன், திருத்தித் தந்தால் கேட்கிற விலைக்கு எடுக்கிறேன் என்றார். மாஸ்டர் கனடாவில் இருக்கிற மகளைக் கேட்டார். அவர் விற்கச் சொன்னார். அவுஸ்திரேலியாவில் இருக்கிற மகனைக் கேட்டார். அவர் திருத்தச் சொன்னார். மகள் சொன்னது மகனுக்கோ மகன் சொன்னது மகளுக்கோ தெரியாமல் பார்த்துக்கொண்டார். பிறகு மூன்று நாள் வெளியில் காணவில்லை. நாலாம் நாள் பின்னேரம் வெள்ளைச் சேட் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து, விறாந்தைக் கதிரையில் இருக்காமல் நின்றார்.

"காரை விக்கிறதோ திருத்துறதோ எண்டு நீங்கள்தான் சொல்லவேணும், தங்கச்சி."

தான் ஏன் சொல்லவேண்டும் என்று அம்மா கேட்டார். அவருக்கு எண்பது வயது நெருங்கியிருந்தது. இருங்கள் என்று நானும் சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை.

"நான் அண்டைக்கு மானிப்பாய்க்குப் போகேல்லை. வீட்டிலைதான் இருந்தனான். படலை இடுக்காலை பாத்துக்கொண்டு நிண்டனான். பேணியை ரெண்டு கையாலையும் பிடிச்சுக்கொண்டு போனவர். என்ரை படலைப் பக்கம் திரும்பியும் பாக்கேல்லை."

அவர் தொடர்ந்து சொன்னார். வெளியில் வந்து அது தன்னுடையது என்று சொல்லக் காலைத் தூக்கினாராம். சொன்னால் மற்ற ஆறும் எங்கே என்று கேட்பார்கள். ஆறு வீட்டிலும் வளர்ந்த பையன்கள் இருந்தார்கள்.

"அடிச்சால் நான் சொல்லிப்போடுவன், தங்கச்சி. எனக்கு என்னைத் தெரியும். ஆறு வீடும் போயிருக்கும்."

"ஆறு பெரிசுதான், மாஸ்டர்" என்றார் அம்மா. "ஒண்டு சின்னன்தான்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் இரக்கம் வந்தது. அப்படி வந்ததற்காக என்மேலேயே ஆத்திரம் வந்தது. அந்த ஆறு பையன்களும் உயிரோடு இருப்பது பிழையென்று நான் எப்படிச் சொல்வேன்? சரியென்றுதான் எப்படிச் சொல்வேன்?

அம்மா எழுந்து விறாந்தைத் தூணைப் பிடித்துக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். அதை எப்போதோ யோசித்து வைத்திருந்த மாதிரித்தான் சொன்னார்.

"விக்கவேண்டாம். வித்தால் ஆரோ கொண்டுபோய் ஓடுவாங்கள், ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. திருத்துங்கோ. முழுக்கத் திருத்தி ஒழுங்கைப் பக்கமாய் நிப்பாட்டுங்கோ. அந்த ஏழாவதை மட்டும் வாங்காதேங்கோ. ஓடுமோ எண்டு ஆர் கேட்டாலும் ஓடாது எண்டு சொல்லுங்கோ. ஏன் எண்டு கேட்டால் ஏன் எண்டும் சொல்லுங்கோ."

அவர் திருத்தினார். மருதனார்மடத்து மெக்கானிக் ஒருவர் கிழமையில் மூன்று நாள் வந்தார். ரப்பர், வயர், கண்ணாடி என்று இங்கிலாந்திலிருந்து பார்சல்கள் வந்தன. எல்லாம் என் கையால்தான் போயின. ஒவ்வொரு பார்சலிலும் உள்ளே என்ன என்று எழுதியிருக்கும் தாளை நான் வாசித்தேன். என் வேலை அதுவல்ல, ஆனாலும் வாசித்தேன். அந்த ஏழாவது சாமான் வரவில்லை. என்ஜினுக்குள் தீப்பொறியை ஒவ்வொரு சிலிண்டருக்கும் பிரித்துக் கொடுக்கிற சாமான் அது. அது இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பிரயோசனமில்லை. ஒரு கிழமையில் எடுத்துத் தருகிறேன், என்ன மாஸ்டர் விசர்க் கதை கதைக்கிறீர்கள் என்று மெக்கானிக் கத்தியது எங்கள் வீடுவரை கேட்டது.

ஒன்றரை வருடம் எடுத்தது. கார் சிவப்பாக மினுங்கிக்கொண்டு வந்து முன் வளவில் நின்றது. அவர் வந்து அம்மாவைக் கூப்பிட்டார். அப்பா போன நாளுக்குப் பிறகு அம்மா அந்த வளவுக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான். மாஸ்டர் முன்மூடியைத் தூக்கினார். என்ஜின் புதுப் பாத்திரம் மாதிரி இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு வட்ட ஓட்டை. தூசி போகாமல் ஒரு துணியை உருட்டி வைத்திருந்தார். அம்மா துணியை எடுத்துவிட்டு ஓட்டையைப் பார்த்தார். திரும்ப வைத்தார். மூடச் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

போகிறவர் வருகிறவர் எல்லோரும் நின்று பார்த்தார்கள். வெளிநாட்டிலிருந்து லீவில் வந்த பையன்கள் சாய்ந்து நின்று படம் எடுத்தார்கள். ஓடுமா என்று கேட்காதவர்கள் இல்லை. அவரும் சொன்னார். ஆனால் அவருடைய குணம் அவரை விடவில்லை. மெக்கானிக்கிடம், ஒரு சாமான் எதிர் வீட்டில் இருந்தபோது போய்விட்டது என்றார். பாதிரியாரிடம், எதிர் வீட்டுக்காரரையும் சேர்த்துக் கொண்டுபோனார்கள் என்றார். கொழும்பிலிருந்து வந்து கேட்ட ஒரு பெண்ணிடம், அந்தச் சாமான் தன்னுடையதுதான் என்றார். ஊருக்குப் புதிதாக வந்த ஒரு தபால்காரப் பையனிடம், தான் அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே இருந்ததாகச் சொன்னாராம். எதைப் பற்றி அப்படிச் சொன்னார் என்று விளங்காமல் அந்தப் பையன் வந்து என்னைக் கேட்டான். ஆளுக்கு ஒரு துண்டு. ஒருவருக்கும் முழுவதும் இல்லை. முழுவதையும் எங்கள் அம்மாவிடம் மட்டும்தான் வைத்தார். தன் வாழ்நாளில் முழுதாக ஒரே இடத்தில் அவர் வைத்தது அந்த ஒன்றைத்தான்.

பின்னேரங்களில் அந்தக் காருக்குள் ஏறி, ஓட்டுகிற வளையத்தைப் பிடித்துக்கொண்டு இருப்பார். பக்கத்து இருக்கை வெறுமையாக இருக்கும். கந்தோர் முடிந்து வருகிற என்னைக் கண்டால் வளையத்திலிருந்து கையை எடுத்துவிடுவார். நான் தலையாட்டிவிட்டுப் படலையைத் திறப்பேன். நாலு வருடம் அப்படிப் போனது. பிறகு ஒரு காலையில் பால்காரர் கூப்பிட்டும் கதவு திறக்கவில்லை. திறப்பு எந்த இடத்தில் என்று தெரியாமல் கதவை உடைத்துத்தான் உள்ளே போனார்கள்.

செத்தவீட்டுக்கு மகள் வந்தார். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை. எல்லாம் முடிந்த எட்டாம் நாள், முன்பு கொழும்பிலிருந்து வந்த அந்தப் பழைய கார்க்காரருக்கு ஃபோன் போட்டுவிட்டு அவர் எங்களிடம் வந்தார். காருக்குக் குறை ஒரு சாமான்தானாம், அதை வாங்குபவரே கொண்டுவந்து பூட்டிக்கொள்வாராம். இவ்வளவு செலவழித்த அப்பா இந்த ஒன்றை மட்டும் ஏன் வாங்காமல் விட்டார் என்று தனக்கு விளங்கவில்லை என்றார்.

"அது எங்கடை வீட்டிலை இருந்தது, பிள்ளை" என்றார் அம்மா. "வா, உள்ளை வந்து இரு."

அம்மா முழுவதையும் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. படலை இடுக்கையும் சொன்னார், ஆறு வீட்டையும் சொன்னார், கடிதங்களையும் சொன்னார், முகாம் வாசலில் தனக்குக் குடை பிடித்ததையும் சொன்னார். அந்த அக்கா அழுதார். தாயும் தம்பியும் ஒரு பங்கருக்குள்ளும் தானும் தகப்பனும் மற்றதற்குள்ளும் இருந்த இரவுகளில், தகப்பன் தன் கையை விடாமல் பிடித்துக்கொண்டு இருந்ததைச் சொன்னார். கடைசியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"நான் என்ன செய்ய, அன்ரி? விக்கட்டோ, விடட்டோ? நீங்கள் சொல்லுறதுதான்."

"வில், பிள்ளை. சொல்லவேண்டியவர் போயிட்டார். அது நிண்டு இனி என்னத்துக்கு?" அம்மா கொஞ்சம் பொறுத்து, "பூட்ட முதல் அந்தச் சாமானை எனக்கு ஒருக்காக் காட்டச் சொல்லு. நான் அதைக் கண்டதில்லை" என்றார்.

அதைக் கேட்டபோதுதான் எனக்கும் உறைத்தது. நாங்கள் கண்டது பேணியை. உள்ளே இருந்ததை எங்கள் வீட்டில் ஒருவரும் கண்டதில்லை. அப்பாவும் கண்டதில்லை.

வாங்குபவரின் மெக்கானிக் ஒரு இளந்தாரி. தோள்பைக்குள்ளிருந்து பொலித்தீன் பையை எடுத்து, அதற்குள்ளிருந்ததை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான். கையை விரித்தால் அதற்குள் அடங்குகிற ஒரு இரும்புச் சாமான், மேலே மண்ணிறத் தொப்பி. அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ஒரு கையால் தூக்கிப் பார்த்தார்.

"ஒரு கையிலையே கொண்டு போயிருக்கலாமே" என்றார்.

அந்தப் பொடியன் விளங்காமல் என்னைப் பார்த்தான். அம்மா சாமானைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் வந்து படலையில் நின்றார்.

பூட்ட இருபது நிமிஷமும் எடுக்கவில்லை. திறப்பைத் திருப்பினான், முதல் திருப்பிலேயே பிடித்தது. அந்தச் சத்தத்தை அப்பா எனக்கு வாயால் செய்து காட்டியிருக்கிறார். லொறி ஒழுங்கைக்குள் வரமாட்டாது என்பதால் பெரிய றோட்டுவரை காரை ஓட்டிக்கொண்டு போனார்கள். பொடியன் மெதுவாக, பள்ளம் பார்த்து, அடி அடியாக ஓட்டினான். அப்பா போன பக்கமாகத்தான் போனது. எங்கள் ஒழுங்கைக்கு வேறு வழி இல்லை.